ராணியும் வேலைக்காரியும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்!

உடம்புக்குள் இருக்கும் "சுவிட்சு"களின் அதிசயம்

பொழுது விடிகிறது. பொட்டிபுரம், போடிநாயக்கனூர் வட்டாரத்துச் சாலைகளில் ஜீப்புகள் மலையை நோக்கி விரைகின்றன. ஜீப் நிறையப் பெண்கள். கையில் தூக்குச்சட்டி. ஏலத்தோட்டத்து வேலைக்குப் போகிறார்கள்.

இவர்கள் போய்ச் சேருமுன்பே, தோட்டத்தில் இன்னொரு கூட்டம் வேலையைத் தொடங்கி விடுகிறது. அந்தக் கூட்டத்துக்குக் கூலி கிடையாது. லீவு கிடையாது. அதுதான் தேனீக் கூட்டம்!

ஏலச்செடியின் அடியில், தரையை ஒட்டிச் சரம் விடும். அதில் காலையில் பூ மலரும். பூவுக்கு ஆயுள் ஒரே நாள். அதற்குள் தேனீ வந்து மகரந்தம் சேர்க்க வேண்டும். சேர்த்தால் பூ காயாகும். இல்லாவிட்டால் உதிர்ந்து போகும்.

ஏலக்காய்க்கு வாழ்வு கொடுக்கும் இந்தத் தேனீயிடம் ஒரு பெரிய ரகசியம் இருக்கிறது.

ஒரே முட்டை, இரண்டு வாழ்வு

தேன்கூட்டில் ஒரே ஒரு ராணி. அது உருவத்தில் பெரியது. முட்டையிடுவதே அதன் வேலை. சில ஆண்டுகள் உயிர் வாழும். வேலைக்கார ஈக்களோ பல ஆயிரம். அவை சிறியவை. முட்டையிட்டுக் குலம் பெருக்குவது அவற்றின் வேலை அல்ல. வேலை மும்முரமான காலத்தில் சில வாரங்களிலேயே உழைத்து உழைத்து மாண்டு போகும்.

ராணி ஈ வேறு சாதி முட்டையிலிருந்து வந்ததா? இல்லை! இரண்டும் ஒரே விதமான முட்டைதான். ஒரே தாயின் பிள்ளைகள்தான்.

பிறகு ஏன் இந்த வேறுபாடு? சாப்பாடுதான் காரணம்!

முட்டையிலிருந்து வெளிவரும் எல்லாப் புழுக்களுக்கும் முதல் சில நாள் ஒரு பால் போன்ற கூழ் கிடைக்கும். பிறகு வேலைக்கார ஈ ஆகப் போகிற புழுவுக்குத் தேனும் மகரந்தமும் கலந்த உணவு. ராணி ஆகப் போகிற புழுவுக்கு மட்டும் கடைசி வரையில் அந்தக் கூழ். வயிறு நிறைய நிறைய ஊட்டுவார்கள். இதற்கு "ராஜ கூழ்" என்று பெயர்.

சுவிட்சு போட்டால்தான் விளக்கு

ஒவ்வோர் உயிரின் உடம்பிலும் "ஜீன்" எனப்படும் மரபணுக்கள் உண்டு. உடம்பை எப்படிக் கட்ட வேண்டும் என்ற குறிப்பு அவற்றில் இருக்கிறது. மனிதனுக்குச் சுமார் 20,000 ஜீன்கள். கண்ணில் இருப்பதும் அதே ஜீன்கள்தான். ஈரலில் இருப்பதும் அதே ஜீன்கள்தான். ஆனால் கண் பார்க்கிறது, ஈரல் பார்க்கவில்லை. ஏன்?

வீட்டில் பத்து விளக்குகள் இருக்கலாம். சுவிட்சைப் போட்ட விளக்குதானே எரியும்? அதைப் போல, கண்ணில் சில ஜீன்கள் எரிகின்றன. சில அணைந்து கிடக்கின்றன. ஈரலில் எரிபவை வேறு.

ஜீனை அணைத்து வைக்கும் முக்கியமான பூட்டு ஒன்றின் பெயர் "மெத்தில்". ஒரு கார்பன் அணு, மூன்று ஹைட்ரஜன் அணு. அவ்வளவே அதன் உருவம். அது ஜீன் மேல் ஒட்டிக் கொண்டால், பெரும்பாலும் அந்த ஜீன் ஊமையாகி விடும். ஜீனின் எழுத்து மாறுவதில்லை. அதைப் படிக்கும் விதம்தான் மாறுகிறது. இந்த விஞ்ஞானத்துக்கு "எபிஜெனிடிக்ஸ்" என்று பெயர். 1942-ல் வாடிங்டன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி இந்தப் பெயரைச் சூட்டினார்.

2008-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் ஒரு சோதனை செய்தார்கள். தேனீப் புழுக்களில் மெத்தில் பூட்டு போடும் சாதனத்தை அடக்கி விட்டார்கள். என்ன ஆயிற்று? பெரும்பாலான புழுக்கள் ராணிகளாக வளர்ந்து விட்டன!

மனிதருக்கும் இது பொருந்துமா?

"நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை" என்பார்கள். நூல் மட்டும் போதாது, நெய்கிற காலமும் முக்கியம் என்கிறது இந்த விஞ்ஞானம்.

1944-45 குளிர்காலத்தில், ஹாலந்து நாட்டின் ஒரு பகுதிக்கு ஜெர்மன் படை உணவு போகாமல் தடுத்தது. மக்கள் பட்டினியில் வாடினார்கள். அப்போது கருவில் உருவான குழந்தைகளை, ஏறத்தாழ 60 ஆண்டுகள் கழித்துச் சோதித்தார்கள். வளர்ச்சிக்குரிய ஒரு ஜீனில், அவர்களுக்கு மெத்தில் பூட்டு குறைவாக இருந்தது. பஞ்சத்தைக் காணாத அவர்களுடைய உடன்பிறப்புகளுக்கு அப்படி இல்லை. தாயின் பட்டினியைப் பிள்ளையின் உடம்பு மறக்கவில்லை!

நம் நாட்டிலும் சான்று உண்டு. மைசூர் ஹோல்ட்ஸ்வர்த் மருத்துவமனையில் 1934 முதல் குழந்தைகளின் பிறப்பு எடையைக் குறித்து வைத்திருந்தார்கள். அந்தக் குழந்தைகள் பெரியவர்களான பிறகு தேடிப் பிடித்துப் பார்த்தார்கள். எடை குறைந்து பிறந்தவர்களிடம் இதய நோய் அதிகம் காணப்பட்டது. இதற்கு ஜீன் சுவிட்சுகளும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள்.

புனா அருகே ஆறு கிராமங்களில் டாக்டர் யாஜ்னிக் 1993-ல் ஓர் ஆராய்ச்சி தொடங்கினார். மெத்தில் தயாராவதற்கு, கீரையில் உள்ள போலிக் சத்தும், பி-12 வைட்டமினும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். போலிக் சத்து மிகுந்து, பி-12 குறைந்த தாய்மார்களின் பிள்ளைகளிடம், ஆறு வயதிலேயே, பிற்காலத்தில் நீரிழிவைக் கொண்டு வரக்கூடிய அறிகுறி தெரிந்தது.

கர்ப்பிணிகள் சத்து மாத்திரையை விட்டு விட வேண்டும் என்று இதற்குப் பொருள் அல்ல. அது மிக அவசியம். அத்துடன் பி-12 சத்தும் வேண்டும். பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் அது கிடைக்கும். சைவ உணவுக்காரர்கள் டாக்டரிடம் யோசனை கேட்டுக் கொள்ளலாம்.

எல்லாம் தாயின் தலையிலா?

எடை குறைந்து பிறந்த பிள்ளையைக் கண்டு எந்தத் தாயும் மனம் ஒடிய வேண்டாம். சுவிட்சு என்றால் விதி அல்ல. நல்ல உணவு, உடற்பயிற்சி, புகையிலை இல்லாத வாழ்க்கை - இவை பிற்காலத்திலும் நோயைத் தள்ளி வைக்கும்.

குற்றம் சொல்ல வேண்டுமானால், நம் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். கணவன் சாப்பிட்டு, பிள்ளைகள் சாப்பிட்டு, மாமனார் மாமியார் சாப்பிட்ட பிறகு, சட்டியின் அடியில் மிஞ்சியதுதான் பல வீடுகளில் மருமகளுக்கு. அவள் கர்ப்பிணியாக இருந்தாலும் அப்படித்தான். பட்டினி அவளோடு முடிவதில்லை. வயிற்றில் இருக்கும் பிள்ளையும் அந்தப் பந்தியில்தானே உட்கார்ந்திருக்கிறது?

அங்கன்வாடியில் கொடுக்கும் சத்துமாவு கர்ப்பிணிக்குரியது. வீட்டில் எல்லோரும் பங்கு போட அல்ல.

ஏலக்காட்டுத் தேனீக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் குலத்தைத் தாங்கப் போகிறவளுக்கு முதலில் ஊட்ட வேண்டும் என்பது அதற்குத் தெரியும். இன்று இரவு உங்கள் வீட்டில் பரிமாறும்போது, முதல் தட்டை யாருக்கு வைக்கப் போகிறீர்கள்?