துண்டுவிழும் தொகையும் விலைவாசியும்

ஒவ்வொரு வரவுசெலவுத் திட்டத்தின் போதும் துண்டுவிழும் தொகை பற்றிப் பேசப்படுகின்றது. அத்தொகை பெருகினால் விலைவாசியும் உயரும் என்பது பொதுவான நம்பிக்கை. இது பாதி உண்மையே. எவ்வளவு துண்டுவிழுகின்றது என்பதைப் போலவே, அது எவ்வாறு நிரப்பப்படுகின்றது என்பதும் முக்கியமானதாகும்.

மக்களின் சேமிப்பிலிருந்து அரசாங்கம் கடன் பெறும்போது, ஒருவரது கையிலுள்ள பணம் மற்றொருவரது கைக்கு மாறுகின்றது. வட்டி வீதம் உயரலாம். ஆனால் புதிய பணம் உருவாவதில்லை. மத்திய வங்கி திறைசேரி உண்டியல்களை வாங்கி, அதற்கு ஈடாகப் புதிதாகப் பணத்தை உருவாக்கி அரசாங்கத்துக்கு வழங்கும்போது நிலைமை வேறு. பொருட்கள் பெருகாமல் பணம் மாத்திரம் பெருகுகின்றது. அபிவிருத்தியடைந்துவரும் நாடுகளில் உள்நாட்டுச் சேமிப்பு குறைவாகவும் வரி அறவீடு பலவீனமாகவும் இருப்பதால், அரசாங்கங்கள் இந்த இலகுவான வழியை நாடுகின்றன. பெருகிய பணம் இறக்குமதிகளை நாடும்போது நாணயத்தின் பெறுமதியும் சரிகின்றது.

இதற்கு நமது நாடே உதாரணம். 2019 டிசெம்பரில் பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பெருந்தொற்றும் சேர்ந்துகொள்ள, அரச வருமானம் வீழ்ச்சியடைந்தது. 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளிலும் துண்டுவிழும் தொகை மொத்த உள்நாட்டு உற்பத்தியின் 10 சதவீதத்தைத் தாண்டியது. அதில் கணிசமான பகுதியை மத்திய வங்கியே நிரப்பியது. இரசாயன உரத் தடை, உலகச் சந்தை விலையேற்றம், 2022 மார்ச்சில் ஆரம்பித்த ரூபாவின் சரிவு ஆகியனவும் சேர்ந்து, 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது.

இச்சுமை எல்லோர் மீதும் சமமாக விழவில்லை. காணியும் டொலரும் வைத்திருந்தோர் ஓரளவு தப்பினர். 2021 இல் 1,000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் நாட்கூலி 2022 இலும் அதே 1,000 ரூபாவாகவே இருந்தது. அதைக்கொண்டு வாங்கக்கூடிய அரிசியும் மாவுமே குறைந்தன. பணவீக்கம் என்பது பாராளுமன்றத்தின் அங்கீகாரமின்றி ஏழைகளிடம் அறவிடப்படும் வரி எனலாம்.

2023 ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் அரசாங்கத்துக்கு இவ்வாறு நேரடியாக நிதி வழங்குவதைத் தடைசெய்கின்றது. வரவேற்கத்தக்க ஏற்பாடுதான். எனினும் சட்டங்கள் திருத்தப்படக்கூடியவை. ஆகவே, வரிச் சலுகையோ நிவாரணமோ அறிவிக்கப்படும்போது, அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்று கேட்கும் பொறுப்பு மக்களுக்கு உண்டு. அன்று கேட்கத் தவறினால், விடையைச் சந்தையில்தான் அறிய நேரிடும்.