கொடுங்கோல் வீழ்ந்த பின்னர்

வருங்காலத்தில் ஒரு நாடு எவ்வாறெல்லாம் கெட்டுப்போகக்கூடும் என்று எண்ணிப் புனையப்படும் வீரக் கதைகளை நீங்கள் விரும்பிப் படிக்கின்றீர்கள். அவை ஒரு நூலோடு நிற்பதில்லை. இரண்டு, மூன்று எனத் தொடர்கின்றன. கொடியவன் வீழ்ந்துவிட்டான் என்றால் கதை முடிந்துவிட்டது அல்லவா? பின்னும் ஓர் இறுதிப் பகுதி எதற்கு? இதைப் பற்றியே இன்று பேசப்போகின்றேன்.

தமிழில் இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு, சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா'. 1980களில் ஆனந்த விகடனில் தொடராக வந்தது. அக்காலத்தில் நான் திண்டிவனத்தில் இளம் ஆசிரியன். விழுப்புரத்திலிருந்து மீட்டர் பாதை வண்டியில் நாள்தோறும் சென்று வருவேன். இதழ் வரும் நாளில் எங்கள் பெட்டியில் ஒரே பிரதி ஐந்தாறு கைகளுக்கு மாறும். திண்டிவனம் வருவதற்குள் என் முறை வாராமற்போன நாள்களும் உண்டு!

அக்கதையில் நாட்டை ஆள்பவன் ஜீவா. மக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர்களே உண்டு. குழந்தை பெறுவதற்கும் அரசின் இசைவு வேண்டும். கணவன் சிபியைக் காணாமல் தேடுகின்றாள் நிலா. அவளுக்குத் துணை, ஜீனோ என்னும் இயந்திர நாய். நூல்களைப் படித்துப் படித்து அது தானே சிந்திக்கத் தொடங்கிவிடுகின்றது. இறுதியில் ஜீவா என்றொரு மனிதனே இல்லை, அது ஹோலோகிராம் என்னும் ஒளியுருவம் என்பது வெளிப்படுகின்றது.

இவ்வொளியுருவம் வெறுங்கற்பனையன்று. லேசர் ஒளியை இரண்டாகப் பிரித்து, ஒன்றைப் பொருளின்மீதும் மற்றொன்றை நேரே தகட்டின்மீதும் செலுத்துவர். பொருளில் பட்டுத் திரும்பும் ஒளியும் நேரே வரும் ஒளியும் கலந்து தகட்டில் நுண்வரிகளாகப் பதியும். அதன்மீது மீண்டும் ஒளியைப் பாய்ச்சினால் பொருள் முப்பரிமாணத்துடன் தோன்றும். இதைக் கண்டறிந்த டென்னிஸ் காபர் 1971இல் நோபல் பரிசு பெற்றார்.

ஜீவா பொய்யானதோடு கதை நிறைவெய்திற்று என்றே நான் கருதினேன். 'மீண்டும் ஜீனோ' என்னும் இரண்டாம் பகுதியைக் கையில் வைத்திருந்த மாணவனிடம், "இதெல்லாம் காசுக்காக இழுப்பது, தம்பி" என்றும் சொல்லிவிட்டேன். "படிச்சுப் பாருங்க சார்" என்று அவன் நூலை என்னிடமே விட்டுச் சென்றான்.

படித்தேன், வெட்கினேன். இப்போது அரியணையில் இருப்பவள் நிலா. ஆனால் ஆள்பவர்கள், முன்பு அவளுக்கு உதவிய ரவியும் மனோவும். ஒளிப்பொம்மை போய் உயிர்ப்பொம்மை வந்தது. கயிறு வேறு கைக்கு மாறிற்று, அவ்வளவே. ஜீனோவின் உண்மையான போராட்டம் அதன் பின்னரே தொடங்குகின்றது. முடிவை நான் சொல்லேன். நீங்களே படித்தல் வேண்டும்.

அமெரிக்க எழுத்தாளர் சூசன் காலின்ஸ் 2010இல் வெளியிட்ட 'மாக்கிங்ஜே' என்னும் மூன்றாம் நூலும் இவ்விடத்தையே தொடுகின்றது. சிறுவர்களை ஒருவரையொருவர் கொல்லச் செய்து வேடிக்கை பார்த்த ஆட்சி வீழ்கின்றது. புரட்சியின் தலைவியான காயின், தோற்றவர்களின் பிள்ளைகளைக் கொண்டு அதே கொலை விளையாட்டை ஒருமுறை நடத்தலாம் என்கின்றாள். பழைய அதிபரைக் கொல்ல வில்லேந்தி நிற்கும் காட்னிஸ், அம்பைக் காயின்மீதே எய்துவிடுகின்றாள்.

சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கும் பணியில் பங்கு கொண்டவர். அவ்வியந்திரம் முதன்முதலாக 1982இல் கேரளத்தின் பரவூர்த் தொகுதியில் பயன்பட்டது. மக்கள் ஆள்வோரைத் தேர்ந்தெடுக்கும் கருவியைச் செய்தவர், மக்களின் விருப்பத்திற்கே இடமில்லாத நாட்டைக் கதையில் படைத்தார். இது எனக்கு வியப்பாக இல்லை.

அந்த நூலைத் திருப்பிக் கொடுத்த வாரத்தில் என் வகுப்பு நினைவுக்கு வந்தது. மாணவர்களை மிரட்டி வந்த வகுப்புத் தலைவனை நீக்கி, எனக்கு அடங்கிய பையன் ஒருவனை நானே அமர்த்தியிருந்தேன். அதை நீதி என்றும் எண்ணியிருந்தேன். திங்கட்கிழமை துண்டுச் சீட்டுகளைக் கொடுத்து வாக்கெடுப்பு நடத்தினேன். சீட்டுகளை நான் தொடவில்லை; மாணவர் இருவரே எண்ணினர். என் பையனுக்குக் கிடைத்த வாக்குகள் நான்கு.