விரலில் மை எங்கே?

2019 ஏப்ரல் 18, ஓட்டுப் போடும் நாள். கணவர் காலையிலேயே போய்விட்டு வந்தார். நான் போகவில்லை. கல்யாணமாகி திண்டுக்கல் வந்து எட்டு வருடமாகியும், என் பெயர் பிறந்த ஊர்ப் பட்டியலிலேயே கிடந்தது. 'ஒரு ஓட்டுல என்ன ஆகப் போகுது' என்று மாற்றாமலேயே விட்டிருந்தேன்.

மறுநாள், வேடசந்தூர் பக்கத்துக் கிராமத்தில் இருக்கும் என் அப்பத்தாவைப் பார்க்கப் போனேன். தொண்ணூறைத் தாண்டியவர். என் கையைப் பிடித்துப் பார்த்து, "எங்கடி மையக் காணோம்?" என்றார். காரணத்தைச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

"முதல் எலெக்சனுக்கு ஆபீசர் பேரு எழுத வந்தாரு. உங்க தாத்தனோட அப்பா, 'எம் மருமகன்னு எழுதிக்கங்க'ன்னாரு. 'அப்படி எழுதக் கூடாது, சொந்தப் பேரு வேணும்'னாரு அவரு. கதவுக்குப் பின்னால நின்ன நானே என் பேரைச் சத்தமாச் சொல்லிட்டேன். மாமனார் ரெண்டு நாள் பேசல. அந்த வீட்டுல என் பேரு கேட்டதே அன்னிக்குத் தான். நீ என்னடான்னா, இருக்குற பேரை மாத்தச் சோம்பேறித்தனம் பட்டிருக்கே!"

1952 ஜனவரியில் கைக்குழந்தையோடு மாட்டு வண்டியில் போய் ஓட்டுப் போட்டாராம். அப்போது முத்திரை குத்தும் வேலையில்லை. வேட்பாளருக்கு ஒரு பெட்டி. மேலே சின்னம் ஒட்டியிருக்கும். சீட்டைப் பிடித்த பெட்டியில் போட்டால் போதும். எழுதப் படிக்கத் தெரியாத அப்பத்தாவுக்கு அது சுலபமாக இருந்ததாம்.

பிறகு என் மகளின் பாடத்துக்காகப் படித்தபோது தான் முழு விவரம் தெரிந்தது. அந்தத் தேர்தலில் நாடு முழுக்க 17 கோடிக்கு மேல் வாக்காளர்கள். பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற இடங்களில் ஏராளமான பெண்கள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே எழுதச் சொன்னார்களாம். சொந்தப் பெயர் கட்டாயம் வேண்டும் என்றார் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென். அதனால் சுமார் 28 லட்சம் பெண்களின் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. பெயர் சொல்லக் கூச்சப்பட்டதற்கு ஓட்டையே இழந்தார்கள்!

நம் திண்டுக்கல்லுக்கோ வேறு பெருமை. அந்த முதல் தேர்தலிலேயே இங்கிருந்து பார்லிமென்டுக்குப் போனவர் ஒரு பெண் - அம்மு சுவாமிநாதன். அரசியல் நிர்ணய சபையில் இருந்த 15 பெண்களில் ஒருவர். நேதாஜி படையின் கேப்டன் லட்சுமியைப் பெற்ற தாய்.

அந்த வாரமே விண்ணப்பம் கொடுத்து, பெயரை இங்கே மாற்றினேன். 2024 ஏப்ரல் 19-ல் மை வைத்த விரலோடு வெளியே வந்தபோது, காட்டுவதற்கு அப்பத்தா தான் இல்லை. கண் கலங்கிவிட்டது.

சகோதரிகளே, கல்யாணமாகி வேறு ஊர் வந்தவர்கள், வாடகை வீடு மாறியவர்கள், உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று இன்றே பார்த்து விடுங்கள். கேஸ் இணைப்புக்கும், ரேஷன் கார்டுக்கும் அலைகிற நாம், இதற்கும் ஒரு நாள் ஒதுக்கலாமே!

- ஒரு வாசகி, திண்டுக்கல்.