பொதி சுமப்பவர்கள்

லினக்ஸ் கணினியில் புதிதாக ஒரு மென்பொருள் வேண்டுமென்றால் ஒரு வரிக் கட்டளை போதும். களஞ்சியத்திலிருந்து அது வந்து இறங்கும். அது இயங்கத் தேவையான மற்ற நிரல்களையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும். காசு கேட்காது. எங்கிருந்து வந்தது, யார் சோதித்தார்கள் என்று நாமும் கேட்பதில்லை. ஆனால் அந்தக் களஞ்சியத்தில் பொதியாகக் கட்டிவைத்த ஒவ்வொரு மென்பொருளுக்கும் பொறுப்பேற்று, தன் பெயரையோ தன் குழுவின் பெயரையோ எழுதிவைத்த ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பராமரிப்பாளர்கள் என்கிறார்கள்.

இந்த ஏற்பாடு நன்றாக வேரூன்றிய இடம் டெபியன் என்ற லினக்ஸ் தொகுப்பு. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக் 1993 ஆகஸ்டில் அதைத் தொடங்கினார். 2025 ஆகஸ்டில் வெளிவந்த 13ஆம் பதிப்பில் 69,830 பொதிகள் இருக்கின்றன. உபுண்டு, ராஸ்பெரி பை ஓஎஸ், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் எல்லாம் இதன் மேல் எழுந்தவையே. இத்தனைக்கும் டெபியனுக்கு முதலாளி கிடையாது. வாக்குரிமை பெற்ற உறுப்பினர்கள் சுமார் ஆயிரம் பேர். பொதியைப் பார்த்துக்கொள்வதற்காக டெபியன் யாருக்கும் சம்பளம் தருவதில்லை.

நடுவில் நிற்பவரின் வேலை

ஒரு மென்பொருளை எழுதியவர் மூலநிரலை வெளியிட்டுவிட்டுப் போய்விடுவார். அது மற்ற ஆயிரக்கணக்கான நிரல்களோடு சண்டையில்லாமல் ஒரே கணினியில் குடியிருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்பவர் பராமரிப்பாளர். இந்த நிரல் எந்தெந்த நிரல்களைச் சார்ந்திருக்கிறது, கோப்புகள் எங்கே போய் உட்கார வேண்டும், ஒவ்வொரு கோப்பும் எந்த உரிமத்தின் கீழ் வருகிறது என்றெல்லாம் அவர் எழுதிவைக்க வேண்டும். வழுவைத் திருத்தினால் அந்தத் திருத்தத்தை மூல ஆசிரியருக்கும் அனுப்பிவைப்பது மரபு. டெபியனில் பதிவாகும் வழுக்களுக்குக் கொடுக்கும் வரிசை எண் 2021லேயே பத்து லட்சத்தைத் தொட்டுவிட்டது.

முடித்த பொதியைத் தன் மறைக்குறியீட்டுச் சாவியால் கையொப்பமிட்டு அனுப்புவார். அந்தச் சாவி செல்லுபடியாக வேண்டுமானால், ஏற்கெனவே உறுப்பினராக உள்ளவர்கள் அதற்குச் சாட்சிக் கையொப்பம் இட்டிருக்க வேண்டும். நேரில் சந்தித்து, அடையாள ஆவணத்தைப் பார்த்து, பிறகு சாவியில் கையொப்பமிடுவதே நெடுங்கால வழக்கம். உலகம் முழுக்கப் பரந்த ஒரு கணினித் திட்டத்துக்கு அடிப்படை இப்படி ஆளுக்கு ஆள் கொடுத்த சாட்சி.

அனுப்பியதும் பொதி எல்லோருடைய கணினிக்கும் போய்விடாது. முதலில் ‘சிட்’ என்ற பிரிவில் இறங்கும். டெபியன் பதிப்புகளுக்கு ‘டாய் ஸ்டோரி’ படப் பாத்திரங்களின் பெயர்களை வைப்பார்கள். சிட் அதில் பொம்மைகளை உடைக்கும் பையன். சில நாட்கள் அங்கே கிடந்து பெரிய வழு எதுவும் கிளம்பாவிட்டால் சோதனைப் பிரிவுக்கு நகரும். ஏறக்குறைய இரண்டாண்டுக்கு ஒருமுறை சோதனைப் பிரிவை உறையவைத்து, பழுது பார்த்து, நிலைப் பதிப்பாக வெளியிடுவார்கள். டெபியன் மெதுவானது என்று கேலி செய்பவர்கள் உண்டு. அந்தத் தாமதத்துக்கு என்ன மதிப்பு என்பது 2024இல் தெரிந்தது.

நல்லெண்ணத்தில் நீக்கிய வரி

அதற்கு முன் 2006இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். இணையத் தொடர்புகளுக்கு மறைக்குறியீட்டுச் சாவிகளை உருவாக்கித் தரும் ஓபன்எஸ்எஸ்எல் பொதியை, நினைவகப் பிழைகளைத் தேடும் ஒரு கருவி குறைசொல்லிக்கொண்டே இருந்தது. குறைக்குக் காரணமான வரிகளை நீக்கலாமா என்று அதன் பராமரிப்பாளர் மூலக் குழுவினரிடம் கேட்டார். மறுப்பு வரவில்லை. நீக்கினார்.

சாவி உருவாகும்போது அதில் கலக்க வேண்டிய தற்செயல்தன்மை அந்த வரிகளில் ஒன்றின் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது. அது போனதும், கணினி ஒவ்வொரு செயலுக்கும் கொடுக்கும் வரிசை எண் ஒன்றே மிஞ்சியது. அந்த எண் அதிகம் போனால் 32,768 வரை. எண்ணி முடிக்கவே முடியாத சாவிகள் இருக்க வேண்டிய இடத்தில், ஒவ்வொரு வகையிலும் ஒரு மடிக்கணினியே வரிசையாகப் போட்டுப் பார்த்துவிடக்கூடிய அளவு சாவிகளே இருந்தன. 2008 மே மாதம் லூசியானோ பெல்லோ என்ற டெபியன் உறுப்பினர் இதைக் கண்டுபிடித்தார். டெபியன், உபுண்டு கணினிகளில் அந்தக் காலத்தில் இந்தப் பொதி உருவாக்கிய சாவிகளையெல்லாம் தூக்கியெறிய வேண்டியதாயிற்று.

கேட்டுத்தான் செய்தார், செய்த திருத்தமும் எல்லோர் கண்ணெதிரே திறந்துதான் கிடந்தது. ஆனாலும் ஏறக்குறைய 20 மாதங்கள் யாரும் அதை நிறுத்தி வாசிக்கவில்லை.

அரை நொடியில் சிக்கியவர்

2024இல் நடந்தது வேறு வகை. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் கருவி. லினக்ஸ் உலகில் அது இல்லாத கணினி அரிது. அதைப் பல ஆண்டுகளாக ஏறக்குறைய தனியாளாகப் பார்த்துக்கொண்டவர் லாசே காலின். 2021இல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினார். 2022இல், அதுவரை யாரும் கேள்விப்படாத சில பெயர்களிலிருந்து, வேலை மந்தமாக நடக்கிறது, வேறொருவரிடம் ஒப்படைக்கலாமே என்று நெருக்குதல் வந்தது. இது சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை என்று காலின் நினைவூட்டினார். பிறகு மெல்ல மெல்ல, வெளியீட்டுப் பொறுப்பு ஜியா டான் கைக்குப் போனது.

2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 பதிப்பில், சோதனைக் கோப்புகள் போல வேடமிட்டு ஒரு கள்ளக்கதவு ஒளிந்திருந்தது. அதை எழுப்பிவிடும் வரிகள் எல்லோரும் பார்க்கும் மூலநிரல் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிய கோப்பில் மட்டும் இருந்தன. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் தான் குறி. எஸ்எஸ்எச் நேரடியாக எக்ஸ்இசட்டைத் தொடுவதேயில்லை. ஆனால் டெபியன் உள்ளிட்ட சிலர் எஸ்எஸ்எச்சில் சேர்த்திருந்த ஒரு சிறு இணைப்பு, சுற்றி வளைத்து எக்ஸ்இசட்டை உள்ளே இழுத்துவந்தது. வசதிக்காகப் பராமரிப்பாளர்கள் போட்ட பாதையே எதிரிக்கும் வழியானது. புதிய பதிப்பைச் சீக்கிரம் சேர்க்கும்படி டெபியனுக்கும் ஒரு புதுப் பெயரிலிருந்து வேண்டுகோள் வந்தது.

மைக்ரோசாஃப்ட் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃபிராயண்ட் சிட் பிரிவில் வேறேதோ சோதித்துக்கொண்டிருந்தார். எஸ்எஸ்எச் வழியே நுழைய அரை நொடி கூடுதலாக ஆவது அவர் கண்ணில் பட்டது. தோண்டிப் பார்த்து, மார்ச் 29 அன்று உலகுக்கு அறிவித்தார். நஞ்சு சோதனைப் பிரிவு வரை வந்திருந்தது. நிலைப் பதிப்பை எட்டவில்லை. டெபியன் உடனே பழைய நிரலுக்குத் திரும்பியது. கணினிகள் கூடுதலான எண்ணைத்தான் புதியதாக ஏற்கும் என்பதால், திருத்திய பொதிக்கு ‘5.6.1+ரியலி5.4.5’, அதாவது உண்மையில் 5.4.5, என்று பெயர் வைத்தார்கள்.

விலகுவதற்கும் ஒரு விதி

இதற்குப் பின் கருவிகளைப் பற்றி நிறையப் பேசினார்கள். ஒரே மூலநிரலிலிருந்து யார் கட்டினாலும் பைட்டுக்குப் பைட்டு ஒரே பொதி வர வேண்டும் என்ற முயற்சி டெபியனில் 2013 முதல் நடக்கிறது. அதெல்லாம் தேவைதான். ஆனால் எக்ஸ்இசட்டில் எதிரி நுழைந்தது ஒரு மனிதரின் களைப்பின் வழியாக.

அந்தக் காலத்து நெடுஞ்சாலைகளில் சுமைதாங்கிக் கல் நட்டிருப்பார்கள். தலைச்சுமைக்காரர் யாரையும் கூப்பிடாமல் தானே சுமையை அதன்மேல் இறக்கலாம். டெபியன் அதைப் போல ஒன்றை விதியாகவே வைத்திருக்கிறது. பராமரிப்பாளர் உதவி வேண்டும் என்று அறிவிக்கலாம். வேறொருவர் எடுத்துக்கொள்ளட்டும் எனலாம். இனி முடியாது என்று பொதியை அநாதையாக அறிவித்துவிடலாம். அப்படி விட்ட பொதியைத் தரக் குழு பார்த்துக்கொள்ளும். நெடுநாள் பேச்சு மூச்சில்லாதவர்களைத் தேடி விசாரிக்கவும் ஒரு குழு உண்டு. பெர்ல், பைத்தான் பொதிகளைக் குழுவாகவே சுமக்கிறார்கள். விலகுவது வெட்கமில்லை என்று ஆகிவிட்டால், யாரோ ஒரு புது ஆள் நெருக்கி வாங்கிக்கொள்வதற்கு அங்கே இரகசியமாக எதுவும் மிஞ்சாது. எழுதுகிற இடத்தில், அதாவது மூல ஆசிரியர்களிடத்தில், இப்படியொரு விதி பெரும்பாலும் இல்லை. அடுத்த எக்ஸ்இசட் அங்கிருந்துதான் வரும்.

டெபியனோ உபுண்டுவோ வைத்திருப்பவர்கள் ‘டெவ்ஸ்கிரிப்ட்ஸ்’ என்ற பொதியை நிறுவி, அதிலுள்ள ‘டபிள்யூஎன்பிபி-அலர்ட்’ கட்டளையை ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் கணினியில் இருப்பவற்றுள் எவற்றுக்கு ஆள் இல்லை, எவை கை மாறக் காத்திருக்கின்றன என்று பட்டியல் போட்டுத் தரும். அதில் ஒன்றின் ஒரு வழுவைத் திருத்தி அனுப்புவதற்கு உறுப்பினராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.