கரகரக்கும் ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரும் கெய்ன் கணக்கும்

ஹெட்போன் ஆம்ப்ளிஃபயரை வீட்டிலேயே செய்து பார்க்கும் ஆர்வலர்கள் நம் மும்பைத் தமிழரிடையிலும் உண்டு. லாமிங்டன் ரோட்டில் ஒரு ஐ.சி., சில ரெசிஸ்டர், கெபாசிட்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி வாங்கினால் போதும், எல்லாம் ஒரு மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கிவிடும். அமெரிக்கரான சூ மோய் வகுத்த இந்தச் சுற்று, அவர் பெயராலேயே 'சிமோய்' என்று வழங்குகிறது.

செய்து முடித்துப் பாட்டைப் போட்டால் சிலருக்குக் கரகரப்புதான் கேட்கிறது. உடனே 'ஐ.சி. டூப்ளிகேட்' என்று முடிவுகட்டி, விலை கூடிய இன்னொன்றைத் தேடி ஓடுகிறார்கள். என்னிடம் வந்த பெட்டிகள் பலவற்றில் ஐ.சி. மேல் குற்றமே இல்லை. கணக்கில்தான் குற்றம். நான் எஞ்சினியர் அல்ல, வியாபாரி. ஆனாலும் இது முதலுக்கு மீறிய செலவுக் கணக்கு என்பதால் எனக்குச் சுலபமாகப் புரிந்தது.

உள்ளே வரும் வோல்டேஜ் எத்தனை மடங்காகி வெளியே போகிறது என்பதே கெய்ன். அதைத் தீர்மானிப்பவை இரண்டு ரெசிஸ்டர்கள். ஐ.சி.யின் அவுட்புட்டிலிருந்து கழித்தல் குறியுள்ள இன்புட்டுக்கு வருவது ஒன்று. அங்கிருந்து கிரவுண்டுக்குப் போவது மற்றொன்று. முதலாவதை இரண்டாவதால் வகுத்து 1 கூட்டுங்கள். மூலச் சுற்றில் இவை 10,000 ஓமும் 1,000 ஓமும். ஆக, கெய்ன் 11.

சி.டி. பிளேயர் முழு அளவில் 2 வோல்ட் தரும், அலையின் உச்சி 2.8 வோல்ட். குமிழ் முழுதும் திறந்திருந்தால் 11 மடங்கில் 31 வோல்ட் ஆக வேண்டும். பேட்டரியோ 9 வோல்ட். அதை மேலும் கீழுமாகப் பிரித்தால் பக்கத்துக்கு 4.5. ஐ.சி. தனக்கென்று ஒரு வோல்ட்டுக்கு மேல் பிடித்துக்கொண்டதுபோக, கையில் நிற்பது 3 வோல்ட் சுமார். மூன்று ரூபாய் முதலை வைத்துக்கொண்டு முப்பத்தொரு ரூபாய்ச் சரக்கு கேட்டால் எங்கே போவது? அலையின் தலையும் காலும் தட்டையாக வெட்டுப்படும். அதுதான் நாம் கேட்கும் கரகரப்பு.

பரிகாரம் எளிது. 1,000 ஓமை எடுத்துவிட்டு 4,700 ஓம் போட்டால் கெய்ன் 3 சொச்சம். 10,000 போட்டால் 2. இடம் வலம் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் மாற்ற வேண்டும். ஓ.பி.ஏ. 2134 போன்ற ஐ.சி. குறைந்த கெய்னிலும் நிலையாக இயங்கும். என்.ஈ. 5534க்கு 3க்குக் கீழே போனால் தனியாக ஒரு சிறு கெபாசிட்டர் தேவை. கெய்ன் குறைந்தால் இன்னொரு லாபமும் உண்டு: பின்னணி இரைச்சல் தணியும், வால்யூம் குமிழும் தொட்டவுடன் அலறாது.

கெய்னைக் குறைத்தும் தீரவில்லையா? வரிசையாகப் பாருங்கள்.

சத்தம் கூடும்போது மட்டும் கரகரத்தால் முதலில் பேட்டரியை, பெட்டி ஓடும்போதே அளக்கவும். அது சரியென்றால் கரண்ட் போதவில்லை என்று பொருள். 32 ஓம் ஹெட்போனுக்கு 3 வோல்ட் கொடுக்க 90 மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டும்; 2134 தருவது 40 சுமார்தான்.

மெல்லிய ஒலியிலும் கரகரத்தால் கெய்னைத் தொட வேண்டாம். மல்டிமீட்டரில் நடுப்புள்ளியைப் பாருங்கள். இரு பக்கமும் 4.5 இல்லாமல் 6, 3 என்று சாய்ந்திருந்தால் ஒரு பக்கம் சீக்கிரமே வெட்டுப்படும். ஹெட்போன் ஜாக்கின் கிரவுண்ட் பேட்டரியின் மைனஸ் அல்ல, நடுப்புள்ளி. இரண்டும் தகர டப்பாவைத் தொட்டால் பாதி பேட்டரி ஷார்ட் ஆகிவிடும். சரியாகப் பிடிக்காத சால்டரையும் மறுபடி சூடாக்கிப் பாருங்கள்.

ஹெட்போன் மாட்டுமுன் அவுட்புட்டில் டி.சி. வோல்டேஜ் அளப்பது கட்டாயம். 20 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. நூற்றுக்கணக்கில் காட்டினால் மாட்டவே கூடாது.

என் வயதுக்காரர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. காது மந்தமாகிறதே என்று கெய்னை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம் என்பதே 2019இல் உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு. சாதாரண 32 ஓம் ஹெட்போனில் அந்த ஒலிக்கு ஒரு மில்லிவாட்டே தாராளம். ஐ.சி. போனால் லாமிங்டன் ரோட்டில் வாங்கிவிடலாம், காதை எந்தக் கடையில் வாங்குவது?