பழைய லேப்டாப்பைத் தூக்கிப் போடலாமா?

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில், காக்களூரில் 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கப்பட்டது. பிளஸ் டூ படித்த என் அக்காவிற்கு 2012ல் ஒன்று கிடைத்தது. 2 ஜிபி ராம் மெமரி, 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், பாஸ் லினக்ஸ் என இரண்டு சிஸ்டங்கள் பதியப்பட்டிருந்தன.

அக்கா இப்போது நசரத்பேட்டை வீட்டில் டியூஷன் எடுக்கிறார். வினாத்தாள் டைப் செய்ய, கட்டணக் கணக்கு வைக்க லேப்டாப் தேவைப்பட்டது. பழையது திறக்கவே பத்து நிமிடம் ஆனது. "வளையலை அடகு வைச்சுப் புதுசு வாங்கிடலாமாடா?" என்று கேட்டார். ஒரு வாரம் பொறுக்கச் சொன்னேன்.

நான் செய்த தவறு: முதலில் ரிச்சி தெருவிற்குச் சென்று 2 ஜிபி ராம் வாங்கி, காலியாக இருந்த ஸ்லாட்டில் பொருத்தினேன். வேகம் கூடவில்லை. பிறகுதான் புரிந்தது. விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், எவ்வளவு மெமரி இருந்தாலும் 2 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது. சாப்ட்வேர் துறையில் இருந்தும் இதைக் கவனிக்காமல் விட்டேன். தவிர, விண்டோஸ் 7க்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாப்ட் 2020 ஜனவரி 14 அன்றே நிறுத்திவிட்டது. அதில் பேங்க் வேலை பார்ப்பது ஆபத்து. எனவே சிஸ்டத்தையே மாற்ற முடிவு செய்தேன்.

நீங்களும் செய்து பார்க்க வேண்டுமா? இந்த வரிசையில் செய்திடுங்கள்.

1. பேக்அப்: போட்டோக்கள், பைல்கள் அனைத்தையும் வேறு டிஸ்க்கில் காப்பி செய்திடுங்கள். அக்காவின் திருமணப் படங்கள் அதில்தான் இருந்தன.

2. சோதனை: லினக்ஸ் மிண்ட் எக்ஸ்எப்சிஇ என்ற இலவச சிஸ்டத்தை வேறு கம்ப்யூட்டரில் டவுன்லோட் செய்து, ரூபஸ் புரோகிராம் மூலம் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். அதிலிருந்து லேப்டாப்பை இயக்குங்கள். ஹார்ட் டிஸ்க்கில் எதையும் பதியாமலேயே வை-பி, ஒலி, கீ போர்டு ஆகியவை வேலை செய்கின்றனவா என்று பார்க்கலாம். இது 64 பிட் பிராசசரில்தான் இயங்கும். எனவே அந்தச் சோதனையும் சேர்ந்தே முடிந்துவிடும்.

3. எஸ்எஸ்டி: பழைய ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டில் டேட்டாவைத் தேடிப் படிக்க நேரமாகும். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. 2.5 அங்குல சாட்டா வகை எஸ்எஸ்டி அதே இடத்தில் பொருந்தும். வேகத்தில் பெரிய மாற்றம் இதில்தான் கிடைக்கும்.

4. மெமரி: மிண்ட் 2 ஜிபியில் இயங்கும். 4 ஜிபி இருந்தால் நல்லது. நான் வீணாக வாங்கியதாக நினைத்த ராம் இங்கே கை கொடுத்தது.

இப்போது லேப்டாப் ஒரு நிமிடத்திற்குள் திறக்கிறது. லிப்ரே ஆபீஸில் தமிழ் வினாத்தாள், கணக்கு, மின்னஞ்சல், யூடியூப் பாடம் எல்லாம் நடக்கின்றன. வளையல் அக்காவின் கையிலேயே இருக்கிறது.

ஆனால் எல்லா வேலைக்கும் இது உதவாது. டேலி, போட்டோஷாப் போன்ற விண்டோஸ் புரோகிராம்கள் லினக்ஸில் நேரடியாக இயங்கா. பிரவுசரில் பத்துப் பதினைந்து டேப்கள் திறந்தால் திணறும். பேட்டரி உப்பியிருந்தால் உடனே பயன்பாட்டை நிறுத்தி, கழற்றி அப்புறப்படுத்துங்கள். மதர்போர்டோ திரையோ பழுதாகி இருந்தால் செலவு செய்யாதீர்கள்.

விண்டோஸ் 10 லேப்டாப் வைத்திருப்பவர்களும் யோசிக்க வேண்டும். அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு 4 ஜிபி ராம், டிபிஎம் 2.0 சிப் போன்றவை தேவை. இவை இல்லை என்பதற்காக உடனே புதியது வாங்க ஓட வேண்டாம். முதலில் ஒரு பென் டிரைவில் சோதித்துப் பாருங்கள்.