குளிர்ச்சியின் விலை

காவிரியும் கொள்ளிடமும் இருபுறமும் ஓட, நடுவே தீவாக அமைந்தது திருவரங்கம். காவிரியின் தென்கரையில் மலைக்கோட்டையைச் சூழ்ந்து விளங்குவது திருச்சிராப்பள்ளி. ஆறுகள் அருகில் இருந்தும், கத்தரி வெயிற் காலத்தில் இவ்விரண்டு ஊர்களிலும் வெம்மை மிகுதி. பகல் வெப்பம் 40 டிகிரியை எட்டும் நாள்களும் உண்டு. முன்னோர் திண்ணையாலும் முற்றத்தாலும் மண்பானை நீராலும் இவ்வெம்மையைத் தணித்துக்கொண்டனர். இன்று பல வீடுகளில் ஏ.சி. இடம்பெற்றுள்ளது. அதனுள் ஓடும் வாயுவைக் குறித்து உலக நாடுகள் வகுத்த விதிகள், திருவரங்கத்து வீட்டின் செலவுக் கணக்கையும் தொடுகின்றன. அஃது எங்ஙனம் என்பதை அறிதல் நன்று.

மண்பானை நீர் குளிர்வது ஏன்? பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிறது. அதற்கு வேண்டிய வெப்பத்தை அது பானையிலிருந்தே கவர்ந்துகொள்கிறது. அதனால் எஞ்சிய நீர் குளிர்கிறது. ஏ.சி.யும் இவ்வியல்பைக் கொண்டே இயங்குகிறது. அறையினுள் உள்ள குழாய்ச் சுருளில் குளிர்பதனப் பொருள் ஆவியாகி, அறையின் வெப்பத்தை ஏற்கிறது. கம்ப்ரசர் அவ்வாவியை அழுத்தி வெளிப்புறச் சுருளுக்குச் செலுத்துகிறது. அங்கே அது வெப்பத்தை வெளியே விட்டு மீண்டும் நீர்மமாகிறது. பானைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. பானை நீர் நாளும் குறையும்; குழாயினுள் அடைபட்ட பொருளோ குறைவதில்லை. ஆகவே, ஆண்டுதோறும் 'கேஸ்' நிரப்ப வேண்டும் எனப் பலர் எண்ணுவது தவறு. வாயு குறைந்தால், எங்கோ ஓட்டை உண்டு என்பதே பொருள்.

கசிந்த வாயு வானை அடைகிறது. பழைய குளிர்பதனப் பெட்டிகளில் இருந்த குளோரோபுளோரோகார்பன், ஞாயிற்றின் கொடிய புறஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அழிக்கும் என்று மொலினா, ரோலண்டு என்னும் அறிஞர்கள் 1974இல் எடுத்துரைத்தனர். அண்டார்க்டிகா வானில் அப்படலம் பெரிதும் மெலிந்திருப்பது 1985இல் வெளியாயிற்று. 1987இல் மாண்ட்ரீல் நகரில் உடன்படிக்கை ஏற்பட்டது. 1992இல் இந்தியாவும் அதில் சேர்ந்தது.

பின்னர் வீட்டு ஏ.சி.களில் பெருவழக்காய் இருந்தது ஆர் 22. தீமை குறைந்ததாயினும் அதுவும் குளோரின் கொண்டதே. ஆதலால், 2025ஆம் ஆண்டுத் தொடக்கம் முதல் புதிய ஏ.சி.களைச் செய்வதற்கு அதனைப் பயன்படுத்துதல் இந்தியாவில் விலக்கப்பட்டது. அதற்கு மாற்றாக வந்த ஆர் 410ஏ ஓசோனைச் சிதைப்பதில்லை. ஆயினும், நூறாண்டுக் கணக்கில், கரியமில வாயுவினும் ஏறத்தாழ 2,000 மடங்கு புவியைச் சூடாக்கும். ஆர் 32 அதில் மூன்றில் ஒரு பங்கே சூடாக்கும். இத்தகைய வாயுக்களையும் குறைக்க 2016இல் ருவாண்டாவின் கிகாலி நகரில் நாடுகள் இசைந்தன. இந்தியா 2021இல் ஒப்புதல் அளித்தது. 2032 முதல் படிப்படியாகக் குறைத்து, 2047இல் 85 விழுக்காடு குறைக்க வேண்டும்.

திருவரங்கத்தில் ஒரு குடும்பத்தில் ஆர் 22 கொண்ட பழைய ஏ.சி. உள்ளது எனக் கொள்க. விதி அதனைப் பறிப்பதில்லை. பழுதுபார்ப்பதற்கு அவ்வாயு இன்னும் சில ஆண்டுகள் கிடைக்கும். ஆனால் ஒரு பொருளின் வரவு சுருங்கினால் அதன் விலை ஏறுவது சந்தையின் இயல்பு. ஓட்டையை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்புவோர்க்கு ஆண்டுதோறும் செலவு கூடும். தேர்ந்த மெக்கானிக் நைட்ரஜனைச் செலுத்தி, சோப்பு நுரை தடவி ஓட்டையைக் கண்டறிவார். அதனைப் பற்றவைத்து, குழாயை வெற்றிடமாக்கி, அளவறிந்து வாயுவை நிரப்புவார். பழைய பொறியில் ஆர் 32ஐ நிரப்புதல் ஆகாது. அதன் அழுத்தம் மிகுதி. தீப்பற்றும் இயல்பும் சிறிது உண்டு.

வாயுவின் விலையினும் பெரிது மின்சாரச் செலவு. 1.5 கிலோவாட் மின்சாரம் கொள்ளும் ஏ.சி. நாளொன்றுக்கு 6 மணி நேரம் இடைவிடாது இயங்கினால் 9 யூனிட். 60 நாளில் 540 யூனிட். வாயு குறைந்த பொறியோ நெடுநேரம் ஓடியும் அறையைக் குளிர்விக்காது. புதிதாக வாங்குவோர் விலையை மட்டும் பாராமல், நட்சத்திரக் குறியையும் வாயுவின் வகையையும் பார்த்தல் வேண்டும். குளிர்ச்சியை 20 டிகிரியில் வையாது 24 டிகிரியில் வைத்தல் நலம். ஒவ்வொரு டிகிரி உயர்வுக்கும் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது நடுவண் அரசின் எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு.

ஓட்டைப் பானையில் நீரை ஊற்றிக்கொண்டே இருப்பார் எவரும் இலர். ஏ.சி.க்கும் அவ்வறிவே பொருந்தும். ஓட்டையை அடைப்பவர் தம் பணத்தைக் காக்கிறார்; ஏ.சி. வாங்க இயலாத எளியோர் வீட்டின் மேலும் கவிந்திருக்கும் வானத்தையும் காக்கிறார்.